அஞ்சு நிமிஷத் தண்ணி

ஒத்தப்புளிப்பட்டி,
ஸ்ரீவில்லிபுத்தூர் வழி.
12.5.2025

ராஜபாளையத்தில் மகள் வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு பம்பு ஆபரேட்டர் கருத்தப்பாண்டிக்கு, ரிட்டயர்டு தொட்டிக்காரன் சோணைமுத்து எழுதிக்கொள்வது.

மாப்ள என்று போடவில்லை. கவனித்துக்கொள்.

நான் சொல்லச் சொல்ல ஜெராக்ஸ் கடை இந்து எழுதுகிறாள். 'வாரேன்' என்று நான் சொன்னால் 'வருகிறேன்' என்று எழுதுகிறாள். படித்த பிள்ளை, எழுதட்டும். போனில் பேசலாம் என்றால், முப்பத்தொரு வருஷம் அந்த டீசல் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து உன் காது போய்விட்டது. நான் கத்தினால் ஊருக்கே கேட்கும், உனக்கு மட்டும் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் மாரீஸ்வரி போன மாதம் இங்கே வந்தது. தண்ணீர் சோதிக்கும் லேப்பில் இருந்து வருவதாகச் சொல்லி, பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் மூன்றை என் கையில் கொடுத்தது. நம் ஊரில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தரம், மத்தியானம் மூன்று மணிக்குத்தான் வரும். அந்த நேரத்துக்கு உன் மகளால் வர முடியாதாம். "மாமா, ஒங்களைவிட இந்தக் குழாய்களைத் தெரிஞ்சவுக யாரு இருக்கா? மூணு குழாய்லயும் நீங்களே பிடிச்சு வச்சிருங்க" என்றது. பிடித்துக் கொடுத்தேன். அதற்குக் கிடைத்த கூலியைக் கேள்.

கருப்பசாமி கோயில் குழாய்த் தண்ணீரில் பிளாஸ்டிக் மருந்து இருக்கிறதாம். அளவுக்கு மேலாம். உன் மகள் எழுதிய தாளைக் காட்டி அந்தக் குழாய்க்குப் பூட்டுப் போட்டு, 'குடிக்க உகந்ததல்ல' என்று சிவப்பில் போர்டு வைத்துவிட்டார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் தெருக் கருத்தம்மாள் வாசித்துச் சொன்னாள், வேண்டுமென்றே இரண்டு தரம். "ஏண்ணே, முப்பது வருசமா எங்களுக்கு என்னத்தைத்தான் ஊத்துன?" என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்டாள். அந்தக் குழாயில் கட்டியிருந்த பச்சை ஓஸையும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள், ஆட்டுத் தொட்டிக்கு ஆகும் என்று.

நாற்பது வீட்டுச் சனம் இப்போது கேன் தண்ணீர் குடிக்கிறது. இல்லாவிட்டால் ரோட்டைத் தாண்டிப் போய்க் குடம் தூக்குகிறது.

ஊர் மேல்தொட்டிக்கு அறுபத்தெட்டுப் படி. ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறி இறங்கியிருக்கிறேன். அந்தத் தொட்டியில் ஒரு தூசி விழுந்தாலும் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே இறங்கினவன் நான். உன் மகளிடம் சொல்.

சோணைமுத்து
(பெருவிரல் ரேகை)


ராஜபாளையம்
18.5.2025

காலை 7.40. மலையில் மேகம், மழை இல்லை. காது நிலவரம்: வலது பூஜ்யம், இடது பூஜ்யம்.

அன்புள்ள மச்சானுக்கு,

பம்பு ரூம் டயரி எழுதிய பழக்கம், நேரம் போடாமல் எனக்கு எழுத வராது. நீ மாப்ள போடாவிட்டாலும் நான் மச்சான் போடுவேன்.

உன் கடிதம் கிடைத்தது. உன் தங்கச்சி முத்துப்பேச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "கைநாட்டு வைக்கிற எங்கண்ணனுக்கு இம்புட்டு முத்து முத்தா எழுத்து எப்பிடி வந்துச்சு?" என்று உதட்டை அசைத்துக் கேட்டாள். வீட்டில் எல்லோரும் என்னிடம் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள்.

மாரீஸ்வரி எனக்கு எழுதிக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். பிளாஸ்டிக் இளகி வளைய வேண்டும் என்பதற்காக அதில் ஒரு ரசாயனம் கலப்பார்களாம். தண்ணீர் அதற்குள் நெடுநேரம் நின்றால், அதிலும் வெயிலில் நின்றால், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்குமாம். நிறம் இல்லை, ருசியில் பிடிபடாது. ரொம்ப நாள் குடித்தால் உடம்புக்கு ஆகாது. அதனால்தான் பிளாஸ்டிக் பாட்டில் கொடுக்காமல் கண்ணாடியில் கொடுத்து, மூடிக்குக் கீழே வெள்ளித்தாள் சுற்றிக் கொடுத்தாளாம். தொட்டியை அவள் குறை சொல்லவில்லை. மற்ற இரண்டு குழாயும் சுத்தம். ஒன்று மட்டும் ஏன் இப்படி என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அவள் இரண்டே கேள்வி கேட்கச் சொன்னாள். குழாயில் எதுவும் மாட்டியிருந்தால் அதைக் கழற்றினாயா? பாட்டிலை நீட்டும் முன் ஐந்து நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டாயா? அப்படிச் செய்ததாக லேப் பாரத்தில் எழுதியிருக்கிறது. வாசித்துக் காட்டி உன் ரேகை வாங்கினாளாம். அடுத்த தண்ணீர் நாளில் அவளே நேரில் வந்து பிடிப்பாள்.

உன் கண்ணாடி ஞாபகம் வந்தது. தொட்டி மேலிருந்து சவரக் கண்ணாடியை வெயிலில் காட்டுவாய். ஒரு மைல் தள்ளி ஆத்துக் கிணத்துப் பம்பு ரூமில் என் சுவரில் மின்னும். ஒரு தரம் மின்னினால் மோட்டார் போடு. இரண்டு தரம் என்றால் தொட்டி நிறைந்தது, நிறுத்து. மூன்று தரம் என்றால் உன் வீட்டில் கறி, சாப்பிட வா. காது போன பிறகு யோசிக்கிறேன், நாம் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசிக்கொண்டது அந்தக் கண்ணாடியில்தான்.

அன்புடன்
கருத்தப்பாண்டி


ஒத்தப்புளிப்பட்டி
29.5.2025

கருத்தப்பாண்டிக்கு,

உன் மகள் நேற்று வந்து போனது. கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தேன், குடித்தது. என் மேல் கோபம் எதுவும் காட்டவில்லை. எனக்குத்தான் முகம் கொடுத்துப் பேச வரவில்லை.

பூட்டைத் திறந்தார்கள். மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. போனில் நேரம் வைத்துக்கொண்டு அது பாட்டுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் ஓடவிட்டது. என்னால் சும்மா நிற்க முடியவில்லை, ஒரு குடத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். "மாமா, குடத்தை எடுங்க. ஒங்க குடம் பிளாஸ்டிக்கு, ஓரமா வைங்க" என்றது. நான் கோயில் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கருத்தம்மாள் சிரித்தாள். "அண்ணன் அங்க என்ன சாமியா கும்புடுதாக? தண்ணி போறதைப் பாக்க மாட்டாம நிக்காக!"

நீ கேட்டிருந்தாய். ஐந்து நிமிஷம் ஓடியது. ரேகை வைத்தவன் சொல்கிறேன். இந்தப் பெருவிரல் பொய்க்கு அழுந்தியதில்லை.

ஆனால் நீ யோசித்துப் பார். எண்பத்து மூணு பஞ்சம். வீட்டுக்கு மூன்று குடம். ஆத்துக் கிணற்றில் ஒரு தொட்டித் தண்ணீர் ஊறவே ஒரு வாரம் ஆகும். பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் கல்யாணத்துக்கு ஊரே ஆளுக்கு ஒரு செம்பு கொண்டுவந்து ஊற்றி அண்டாவை நிறைத்தது. பந்தியில் கை கழுவத் தண்ணீர் கிடையாது, வாழைத்தண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன், மடவார் வளாகத்துக்காரர்கள். மூஞ்சியைச் சுளித்தார்கள். பிறகு அவர்கள் தெருவிலும் அதே கதி. எந்த வீட்டில் எந்தக் குடம், எதில் எங்கே நெளிசல் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். வாசிக்கத் தெரியாதவனுக்கு வேறு எங்கே எழுதி வைக்க முடியும்?

அந்த வருஷம்தான் நீயும் ஒரு காரியம் செய்தாய். வைகாசி மாதம். தொட்டி நிறைந்து நான் கண்ணாடி காட்டுகிறேன், காட்டுகிறேன், மோட்டார் நிற்கவில்லை. பஞ்சத்துத் தண்ணீர் தொட்டி விளிம்பில் வழிந்து தரையில் ஓடுகிறது. படி இறங்கி ஒரு மைல் ஓடிப்போய் நானே இஞ்சினை நிறுத்தினேன். உன்னை அங்கே காணோம். சாயங்காலம் டீக்கடையில் பிடித்துக் கேட்டால், தோப்பில் தூங்கிவிட்டேன் என்றாய். அறைந்தேன். அதை நான் பேச வரவில்லை. தண்ணீர் தரையில் ஓடினால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், அதைத்தான் சொல்ல வந்தேன்.

சோணைமுத்து
(ரேகை)

(ஒரு இடத்தில் இவர் சொன்ன வார்த்தையை நான் எழுதவில்லை. மன்னிக்கவும். இந்து.)


ராஜபாளையம்
15.6.2025

மாலை 4.15. காற்று. மில்லில் ஷிப்டு விட்டு ஆட்கள் போகிறார்கள்.

மச்சான்,

இரண்டாம் தரம் பிடித்த தண்ணீரின் முடிவு வந்துவிட்டது. சுத்தம். உன் குழாய்க்கு ஒரு குறையும் இல்லை. இன்னும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பூட்டை எடுப்பார்களாம். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும்தான்.

இனிச் சொல்வதைப் பொறுமையாகக் கேள்.

ஒரே குழாய், ஒரு மாத இடைவெளி, ஒன்று கெட்டது, ஒன்று நல்லது என்று எப்படி வரும் என்று லேப்பில் கேட்கிறார்கள். மாரீஸ்வரி கை சுத்தமில்லாமல் வேலை பார்த்து முதல் பாட்டிலைக் கெடுத்துவிட்டாள், ஒரு ஊரையே வீணாகப் பயமுறுத்திவிட்டாள் என்று பேச்சு. பதினோரு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள், நிரந்தரம் இல்லை. முப்பதாம் தேதிக்குள் எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை. அதுவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அரிசியைப் புடைத்துவிட்டுப் புடைத்த அரிசியையே மறுபடி புடைக்கிறாள். எனக்குக் காது கேட்காதது இந்த ஒரு விஷயத்தில் நல்லது, அவள் அழுவது கேட்கவில்லை.

"நீ பிடிக்கலயே, அவருதான பிடிச்சாரு, அதைச் சொல்லேன்" என்று அவள் அம்மா சொன்னாள். அதற்கு மாரீஸ்வரி தாளில் எழுதிக் காட்டினாள்: 'மாமா ரேகை வைத்திருக்கிறார். அவர் பொய் சொல்ல மாட்டார். தப்பு என்னிடம்தான் எங்கேயோ இருக்கிறது.'

மச்சான், உன் முதல் கடிதத்தில் ஒரு பச்சை ஓஸ் இருந்தது. நான் இரண்டு தரம் வாசித்தேன். மகளிடம் அந்தக் கடிதத்தை நான் காட்டவில்லை.

இன்னொன்று. நாற்பத்திரண்டு வருஷமாகச் சொல்லாதது. "சொல்லிருங்க, இனிமே ஒங்க வேலையை யாரு பிடுங்கப் போறா?" என்று முத்துப்பேச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. முத்துப்பேச்சிக்கு வலி கண்டுவிட்டது என்று வண்டிக்காரன் சமுத்திரம் ஓடிவந்து சொன்னான். தலை திரும்பாத பிள்ளை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். இஞ்சினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் ஓடினேன். சமுத்திரம் வண்டியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை பிறந்ததும், அதே வண்டியில் மோட்டாரைப் பார்க்கத் திரும்பி வந்தேன். டீக்கடையில் நீ நின்றாய்.

வேலை நேரத்தில் பம்பு ரூமை விட்டுப் போனால் வேலை போய்விடும். தூங்கினால் கண்டிப்போடு போகும். அதனால் தூங்கினேன் என்றேன். பிள்ளை மறுநாள் பிறந்ததாக ஊரில் சொல்லிவைத்தோம். நீ காப்புப் போட வந்தபோதும் சொல்லவில்லை.

அன்று தண்ணீர் வழிந்த நேரத்தில் பிறந்தவள்தான் மாரீஸ்வரி.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நானும் ஒரு தரம் வேலைக்குப் பயந்து மாற்றிச் சொன்னவன்தான்.

கருத்தப்பாண்டி


ஒத்தப்புளிப்பட்டி
24.6.2025

மாப்ள,

இந்து கிட்டச் சொல்லிட்டேன், இதை மட்டும் நான் சொல்றபடியே எழுது, ஒரு எழுத்துத் திருத்தாதன்னு. தலையாட்டுது.

அன்னைக்கு நான் ரெண்டரைக்கே பாட்டிலோட போயிட்டேன். மொதல்ல கருப்பசாமி கோயில் குழாய்க்குத்தான் போனேன். அது இப்பப் பள்ளத்துல இருக்கு, ரோடு மேல ஏறிப் போச்சு. குடம் வைக்க எடம் இல்லன்னுதான் கருத்தம்மா அந்த ஓஸு வாங்கிக் கட்டுனா. கழட்டணும்னு ஒம் மக சொன்னது எனக்கு நெனவு இருந்துச்சு. கழட்டுனா குழியில குத்தவச்சுப் பிடிக்கணும். எனக்கு முட்டி மடங்காது. ஓஸு வழியா வந்தாலும் நம்ம தண்ணிதானன்னு விட்டுட்டேன். அது ஒரு தப்பு.

ஓடவிடணும்னு சொன்னதும் நெனவு இருந்துச்சு. நான் எதை மறந்திருக்கேன்? ஓஸு நுனியக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். மூணு மணிக்கு வந்துச்சு. மொதத் தண்ணி. நாலு நாளா வெயில்ல கெடந்த ஓஸுக்குள்ள நின்ன தண்ணி, வெரல்ல சூடாப் பட்டுச்சு. கீழ விடணும். கை போகல மாப்ள. தரையப் பாக்கேன், கை போகல. பாட்டில நீட்டிட்டேன். பொறவு குடத்துக்குத் திருப்புனேன். ஒண்ணு மாத்தி ஒண்ணு, அஞ்சாறு குடம். ஒரு சொட்டுக் கீழ விழல. எனக்கு அம்புட்டுப் பெருமை.

ஒம் மக பொறவு பாட்டில வாங்க வந்து, "மாமா, அஞ்சு நிமிசம் ஓடுச்சா?"ன்னு கேட்டுச்சு. ஓடுச்சுன்னேன். பொய் இல்ல. பாட்டில் நெறஞ்ச பொறவு ஓடுச்சு. பாரத்தை வாசிச்சுக் காட்டுச்சு. ரேகை வச்சேன்.

ஒன் காகிதத்தை இந்து வாசிச்சுச்சு. பிள்ளை பெறந்த எடம் வந்ததும் நிறுத்திட்டு என் மொகத்தைப் பாத்துச்சு. மறுபடி வாசிட்டின்னேன். மூணு தரம் வாசிச்சுச்சு.

நான் என்னத்தை மாப்ள நெனவு வச்சிருந்தேன்? டீக்கடையில யாரு யாரு நின்னான்னு தெரியும். ஒன் கன்னத்துல எத்தனை வெரல் பதிஞ்சுச்சுன்னு தெரியும். ஒன் சட்டையில ரத்தம் இருந்துச்சு. அதுவும் இன்னைக்கு வரைக்கும் கண்ணுல நிக்கு. தோப்புல முள்ளுக் கிழிச்சிருக்கும்னு அன்னைக்கு நெனச்சேன். பாத்தவன் கேக்கல.

நேத்து ஒரு காரியம் பண்ணிட்டேன். நடந்ததை வெள்ளைத்தாள்ல எழுதச் சொல்லி ரேகை வச்சேன். கருத்தம்மா வீட்டுக்குப் போயி ஓஸைக் கேட்டேன். "ஆட்டுக்குத் தண்ணி காட்டணும், தர மாட்டேன்"னா. எதுக்குன்னு சொன்னேன். அவளே பேப்பர்ல சுத்திக் கட்டி, "வா, நானும் வாரேன். நீ தனியாப் போனா பாதி வழியில கவுரவம் வந்து திரும்பிருவ"ன்னு பஸ் ஏறிட்டா. லேப்புல பெரிய ஐயா கிட்டத் தாளைக் குடுத்தேன். ஓஸையும் குடுத்தேன். "இத்தனை நாள் ஏன் சொல்லல?"ன்னாரு. "ஐயா, எனக்கு ரேகைதான் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல. அதைப் பொய்யின்னு சொல்ல மனசு வரல"ன்னேன்.

ஒந் தெரு முனை வரைக்கும் வந்தேன். கருத்தம்மா, "உள்ள வாண்ணே"ன்னு கையப் பிடிச்சு இழுத்தா. வரல. எந்த மூஞ்சியோட வர?

அன்னைக்கு அடிச்சதுக்கு என்ன சொல்லன்னு எனக்குத் தெரியல.

சோணைமுத்து
(ரேகை)


ராஜபாளையம்
3.7.2025

காலை 6.30. நல்ல வெயில் வரும் போல இருக்கிறது.

அன்புள்ள மச்சானுக்கு,

மாரீஸ்வரி திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போகும் அளவுக்கு அவசரம்.

நீ கொடுத்த ஓஸில் நல்ல தண்ணீரை நிரப்பி, நாலு நாள் வெயிலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உன் முதல் பாட்டிலில் இருந்த அதே மருந்து, கிட்டத்தட்ட அதே அளவு. ஆக அவள் முதலில் எழுதியதும் சரி, இரண்டாவது எழுதியதும் சரி. பெரிய ஐயா அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம். அது மட்டும் இல்லை. உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இந்த மாதிரி ஓஸில் குடிதண்ணீர் பிடிக்கிறார்கள் என்று கணக்கெடுக்க அவளையே அனுப்புகிறார்கள். இரண்டு வருஷமாகக் கருத்தம்மாள் அந்த ஓஸில்தானே முதல் குடம் பிடித்தாள்? நீ ஒழுங்காக ஓடவிட்டுப் பிடித்திருந்தால் இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும் என்கிறாள் உன் மருமகள். அதற்காக நீ செய்தது சரி என்று ஆகாது, தலையைத் தூக்காதே.

அன்றைக்கு உன்னைப் பார்த்தேன். மாடி ஜன்னலில் இருந்தேன். தெரு முனையில் நீ நிற்கிறாய், கருத்தம்மாள் கையைப் பிடித்து இழுக்கிறாள். "மச்சான்" என்று கத்தினேன். நீ திரும்பவில்லை. என்ன மச்சான், உனக்கும் காது போச்சா? முத்துப்பேச்சி படி இறங்கி ஓடுவதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

டீக்கடை விஷயத்துக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு எனக்குப் பெண் பிறந்த சந்தோஷம். நீ அறைந்தது சரியாக வலிக்கக்கூட இல்லை.

பத்தாம் தேதி வியாழக்கிழமை குழாயைத் திறக்கிறார்களாம். நான் வரட்டுமா? மெயின் ரோட்டில் இருந்து ஊருக்குத் திரும்பும் வளைவில் பஸ் வரும்போது தொட்டி தெரியும். நீ படி ஏறாதே, கீழே நின்றால் போதும். கண்ணாடியைக் காட்டு. எத்தனை தரம் என்று உனக்குத் தெரியும்.

கருத்தப்பாண்டி


ஒத்தப்புளிப்பட்டி
6.7.2025

மாப்ள,

கார்டு என்பதால் இந்து சுருக்கச் சொல்கிறாள்.

பழைய கண்ணாடியில் ரசம் உரிந்துவிட்டது. கருத்தம்மாள் வீட்டுக் கண்ணாடியைக் கேட்டு வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு வந்துவிடு. மூன்று தரம் காட்டுவேன். கறி எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்.

மூன்று மணிக்குத் தண்ணீர். ரெண்டு மாசம் பூட்டிக் கிடந்த குழாய், முதலில் ஐந்து நிமிஷம் தரையில் ஓடவிடணும், அதை மாமாதான் செய்யணும் என்று உன் மகள் சொல்லி அனுப்பியிருக்கிறது. திறந்துவிடுவேன். குடம் நீட்ட மாட்டேன், கோயில் பக்கம் திரும்ப மாட்டேன்.

ஆனால் தனியாக நின்று என்னால் பார்க்க முடியாது மாப்ள. நீ பக்கத்தில் நில்.

(ரேகை)